அரிசிக்காரன் கால்

ஜப்பானின் எடோ நகரத்து ஃபுகாகவாப் பேட்டையில் தாமெகிச்சி குத்தும் அரிசிக்கு ஒரு தனி மவுசு. வடக்கேயிருந்து படகில் வந்து இறங்கும்போது அரிசி மங்கலாக, தவிட்டு நிறத்தில் இருக்கும். அதை உரலில் கொட்டி, காலால் உலக்கைத் தண்டை மிதித்து மிதித்து, தவிடு மொத்தத்தையும் உதிர்த்து, குழந்தையின் பால்பல் போல வெளுப்பாக எடுத்துத் தருவான். "வெயில்ல பிடிச்சா அந்தப் பக்கம் தெரியணும், அதுதான் அரிசி" என்பான். அந்தப் பக்கம் தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று எடோ நகரத்தில் ஒருவரும் கேட்டதில்லை. எடோக்காரர்களுக்குச் சோறு வெளுப்பாக இருந்தால் ஜென்மம் கடைத்தேறிய மாதிரி.

தாமெகிச்சி அந்த ஜாதியில் முதல் ஆள். மூன்று வேளையும் வெள்ளைச் சோறு, நடுவில் உப்பில் ஊறிய ஒரே ஒரு பிளம் காய், அவ்வளவுதான். அவன் பெண்டாட்டி ஓதாகி ஆசைப்பட்டுக் கீரையோ பயறோ வேகவைத்துப் பக்கத்தில் வைத்தால் கிண்ணத்தை விரல் நுனியால் தள்ளிவிடுவான். "சோத்து ருசி தெரியாதவனுக்குத்தான்டி தொட்டுக்க வேணும்" என்று சொல்லிவிட்டு, தொட்டுக்கொள்ளாமலே நாலு கிண்ணம் தின்பான்.

ஓதாகி மலைநாட்டுக்காரி. அவள் ஊரில் பானையில் முக்கால்வாசி பார்லி கிடக்கும், அரிசி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். கல்யாணமாகி வந்த புதிதில் பழக்க தோஷத்தில் ஒரு நாள் பார்லி கலந்து ஆக்கிவிட்டாள். தாமெகிச்சி கிண்ணத்துக்குள் ஒரு நிமிஷம் பார்த்தான். எழுந்து போய்த் தெருக்கதவை இழுத்துச் சாத்தினான். "அரிசிக்கடை வீட்டுல பார்லியா? வெளியில தொங்குற பலகையைக் கழட்டி அடுப்புல வெச்சுடட்டுமா?" என்று தணிந்த குரலில் கேட்டான். அதோடு பார்லி அந்த வீட்டை விட்டுப் போயிற்று.

ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் ஓதாகியால் விட முடியவில்லை. உரலடியைப் பெருக்கும்போது ஒரு பிடி தவிட்டை எடுத்து, வாணலியில் உப்புப் போட்டு வறுத்து, அடுப்படியில் நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வாள். விளைச்சல் பொய்த்த வருஷங்களில் அவள் வீட்டில் தவிட்டு உருண்டைதான் சாப்பாடு. அந்த ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சிலர் மறைவாகப் புகை பிடிக்கிறார்கள் அல்லவா, அப்படி.

அந்த வருஷம் செர்ரிப் பூ உதிர்ந்த சமயத்தில் தாமெகிச்சிக்கு என்னவோ ஆயிற்று. உலக்கைத் தண்டின்மேல் நின்றபடியே, மேலே கட்டியிருக்கும் கைப்பிடியில் சாய்ந்து தூங்கிப்போனான். பாலம் ஏறும்போது நடுவில் நின்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். கேட்டால் படகு வேடிக்கை பார்த்தேன் என்றான். பிறந்ததிலிருந்து பார்த்த படகில் அப்படி என்ன புது வேடிக்கை? ஒரு நாள் வாய்க்கால் கரைக்குப் போனவன் ஒற்றை வைக்கோல் செருப்போடு திரும்பி வந்தான். மற்றது எங்கே என்று கேட்டபோதுதான் குனிந்து பார்த்தான். ஓதாகி விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிரிப்பு அடங்க ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஃபுகாகவாச் சந்துகளில் எங்கே பார்த்தாலும் மட்டி ஓடு கிடக்கும். தின்பவர்கள் தின்றுவிட்டு வாசலில் வீசுவார்கள், நடப்பவர்கள் பார்த்து நடந்துகொள்ள வேண்டும். தாமெகிச்சி வெளியே போய்விட்டு வந்து, உட்கார்ந்து, கால் நீட்டினான். பாயைப் பார்த்து முகம் சுளித்தான். வாசலிலிருந்து அவன் உட்கார்ந்த இடம் வரைக்கும் சிவப்பாக அடிச்சுவடு.

"யாருடி இது, பாயை இப்படி அசிங்கம் பண்ணி வெச்சது?" என்றான்.

ஓதாகி அவன் பாதத்தைத் திருப்பினாள். உள்ளங்காலில் ஓடு குத்திக்கொண்டு நின்றது. அதைப் பிடுங்கினாள். அவன் பேசிக்கொண்டே இருந்தான். அன்றைக்கு மத்தியானம் அவன் கண்ணயர்ந்தபோது கெண்டைக்காலைக் கிள்ளிப் பார்த்தாள். பிறகு நகம் பதியக் கிள்ளினாள். அவன் அசையவில்லை. அவள் வைத்தியருக்கு ஆள் அனுப்பினாள்.

எடோவில் இந்த நோய்க்குப் பெயர் எடோ நோய்தான். வேறு ஊர்க்காரர்களுக்கு அது வருவதில்லை, வந்தாலும் ஊருக்குத் திரும்பினால் போய்விடுகிறது. போகாதவர்களுக்கு முதலில் கால் மரக்கும், அப்புறம் மூச்சு வாங்கும், அப்புறம் நெஞ்சு. மூன்றாம் வீட்டுக் கொல்லனை அப்படித்தான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வைத்தியர் வந்து முழங்காலுக்குக் கீழே தட்டிப் பார்த்தார். "மலைக் கணவாயைத் தாண்டி உங்க சொந்த ஊருக்குப் போய்க் கொஞ்ச நாள் இருங்க. படுத்துக்கிட்டுப் போனவங்கெல்லாம் நடந்து வர்றாங்க" என்றார்.

"எந்த ஊருக்கு? எங்கப்பா, அவரோட அப்பா எல்லாரும் பிறந்தது இந்த வாய்க்கால் கரையில. போறதுக்கு எனக்கு ஏது ஊரு?" என்றான் தாமெகிச்சி. அந்த நிலைமையிலும் அவனுக்கு அதில் ஒரு பெருமை.

"அப்போ தெம்பு தர்ற சாப்பாடா சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தியர் போய்விட்டார். தெம்பு என்றால் தாமெகிச்சிக்குத் தெரிந்தது ஒன்றுதான். வீட்டுக்கு ஆக்கும் அரிசியை மட்டும் தனியாக எடுத்துவைத்து, மூச்சு இரைக்க இரைக்க இரண்டு மடங்கு நேரம் குத்தினான். இந்த முட்டாள்தனத்தை வேறு ஊர்க்காரன் செய்யமாட்டான். எடோக்காரன் செய்வான், அதிலும் அரிசிக்காரன் கண்ணை மூடிக்கொண்டு செய்வான்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் தச்சன் கின்பெய் வந்தான். கோடை கடைசியில் வரும் கோவில் திருவிழாவில் சாமிப் பல்லக்குத் தூக்கும் கூட்டத்துக்கு அவன்தான் தலைவன். மீசை முளைத்த நாளிலிருந்து பல்லக்கின் முன்தண்டு தாமெகிச்சிக்கு. அவன் தோளுக்கு அடுத்துத்தான் மற்றவர்கள் தோள்.

"தாமே, உன் நடை சரியில்லடா" என்றான் கின்பெய்.

"செருப்பு சரியில்ல."

"நேத்து வெறுங்காலோடதான் நடந்தே, பார்த்தேன்." கின்பெய் தொண்டையைச் செருமினான். "கோபிச்சுக்காதே. திருவிழாவுக்கு முந்தி நாம எல்லாரும் கூடுவோமில்ல, அன்னிக்கு ஒரு அரிசி மூட்டையைத் தோள்ல வெச்சுப் பாலம் ஏறி இறங்கிக் காட்டு. இல்லேன்னா டோஃபுக்காரன் முன்தண்டு பிடிக்கட்டும்."

"டோஃபுக்காரனா? அவன் தோள்ல ஏறினா சாமியும் அவன் விக்கிற சோயாக்கட்டி மாதிரி தளதளன்னு ஆடும்."

"ஆடினாப் பரவாயில்ல. விழக்கூடாது."

கின்பெய் போன பிறகு தாமெகிச்சி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓதாகிக்கு அவனை நன்றாகத் தெரியும். மூட்டை தூக்க முடியாவிட்டாலும் கூட்டத்தில் புகுந்து தண்டுக்கு அடியில் தோளைக் கொடுத்துவிடுவான். காலில் உணர்வு இல்லாமல் கல்லில் இடறினான் என்றால் பல்லக்கு அவன்மேலேயே சாயும். தண்டு போனால் போகட்டும், அவளுக்கு ஆள் வேண்டும்.

மறுநாள் அடுப்படியில் நின்று தவிட்டை மென்றுகொண்டே யோசித்தாள். ஒரே கூரை, படகில் விற்க வரும் அதே குடிதண்ணீர், வாய்க்காலிலிருந்து ஏறிவரும் ஈரம்கூட ஒரே ஈரம். அவன் காலைத் தின்றது அவள் காலை ஏன் தொடவில்லை? கணவாய்க்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் எதைக் கண்டு பிழைக்கிறார்கள்? காற்று என்கிறார்கள், தண்ணீர் என்கிறார்கள். அந்தப் பக்கத்துக் காற்றிலும் தண்ணீரிலும் வளர்ந்தவள் அவள், அதில் அதிசயமாக ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அங்கே வேறாக இருந்தது சோறுதான். இங்கேயும் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வித்தியாசம் அவள் வாய்க்குள்தான் இருந்தது. அவள் மெல்லுவதை நிறுத்தி, கையிலிருந்த தவிட்டைப் பார்த்தாள்.

அவள் வைத்தியச்சி இல்லை. நினைப்பது சரியா என்று அவளுக்கே நிச்சயமில்லை. ஆனாலும் ஊருக்குப் போகமாட்டேன் என்பவனுக்கு ஊரைக் கொண்டுவந்து கிண்ணத்தில் வைத்துப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?

சோற்றில் கைவைக்க முடியாது. கிண்ணத்தில் அரிசி விழும் சத்தத்தை வைத்தே எந்த ஊர் அரிசி என்று சொல்லிவிடுவான். ஒரு பார்லி மணி போதும், கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கி எடுத்துவிடுவான். சோறு சோறாகவே இருக்கட்டும், அதைச் சுற்றி வளைத்துவிடலாம் என்று முடிவு செய்தாள். ஆனால் தொட்டுக்கொள்ள மாட்டேன் என்பவனை எப்படித் தொடவைப்பது?

அன்று சாயங்காலம் அவன் முன்னால் வந்து உட்கார்ந்து, "கோவில்ல வேண்டிக்கிட்டேங்க. உங்களுக்கு முன்தண்டு கிடைக்கிற வரைக்கும் நான் டீயைத் தொடமாட்டேன்" என்றாள்.

தாமெகிச்சி நிமிர்ந்தான். தேநீர் இல்லாமல் ஓதாகி ஒரு காலைப்பொழுதைக் கடந்து அவன் பார்த்ததில்லை. "உனக்கு எதுக்குடி இந்த வேலை?"

"வேண்டியாச்சு. அதோட, நான் என்ன செஞ்சு வெச்சாலும் மிச்சம் வைக்காம நீங்க சாப்பிடுவீங்கன்னும் சொல்லிட்டு வந்துட்டேன்."

"என்னைக் கேக்காம சாமிகிட்ட எனக்காக நீ எப்படி வாக்குக் கொடுக்கலாம்?"

"அப்போ நீங்களே போய்ச் சாமிகிட்ட முடியாதுன்னு சொல்லிட்டு வாங்க."

முன்தண்டுக்கு ஆசைப்படுகிறவன் அந்தச் சாமியிடமே போய் எப்படி முடியாது என்பான்? வேண்டுதலில் தேநீரை விட்ட பாதி நிஜம், சாப்பாட்டைப் பற்றிய மறுபாதி அவள் அடுப்படியில் யோசித்துச் சேர்த்தது. சாமி பொறுத்துக்கொள்ளும் என்று ஓதாகி நினைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அந்த அடுப்புக்கு ஓய்வு இல்லை. வெங்காயத்தாள் போட்டு மட்டிச் சாறு கொதித்தது. சிவப்புப் பயறு குழைய வெந்தது. டோஃபுவை முறுகலாகச் சுட்டாள், அதை வாங்கி வந்தது எதிரி வீட்டுக் கடையில் என்று சொல்லவில்லை. சின்னச் சின்ன மத்தி மீனை முள்ளோடு வறுத்தாள். கடுகுக்கீரை, முட்டை, வெயில் ஏறியதும் விலாங்கு மீன் ஈரல் போட்ட சூப். தாமெகிச்சி முதல் நாள் கஷாயம் குடிக்கிறவன் மாதிரி மூக்கைச் சுருக்கிக்கொண்டு தின்றான். ஐந்தாறு நாளில் சுருக்கம் போய்விட்டது. அதற்கு அடுத்து, மத்தியானம் ஆனால் உலக்கையை நிறுத்திவிட்டு அடுப்படிப் பக்கம் மூக்கை நீட்ட ஆரம்பித்தான்.

தவிடுதான் இடக்குப் பண்ணியது. புளித்த சோயா விழுதான மிசோவில் வைக்கும் சாற்றில் கரைத்துப் பார்த்தாள். "என்னடி, மிசோ மணல் மணலா இருக்கு?" என்றான். "புது மிசோ" என்றாள். பயற்றில் கலந்தாள். "பயறு புழுதி வாசம் அடிக்குது" என்றான். பிறகு வாணலியைக் காயவைத்து, சின்னத் தீயில் பொறுமையாக வறுத்தாள். பச்சை வாசனை போய்க் கடலை வறுத்த மணம் வந்தது. எள்ளையும் உப்பையும் உலர்ந்த சூரை மீன் சீவலையும் சேர்த்து இடித்து, ஒரு மூடி போட்ட கிண்ணத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

"இது என்ன?"

"எள்ளுப் பொடி. எங்க ஊர்ல செய்வாங்க."

ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைச் சோற்றின்மேல் தூவினான். வாயில் போட்டான். இன்னும் ஒரு சிட்டிகை, அப்புறம் ஒரு கரண்டி. "ம்" என்றான். கிண்ணத்தை நீட்டி, "இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்றான். ஓதாகி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள், அவள் முகத்தை அப்போது யாரும் பார்த்திருக்கக் கூடாது. பிறந்ததிலிருந்து தவிட்டுத் தூசியில் புரண்டவன், தும்மினால் தவிடாகத் தும்முகிறவன், அதை ஒரு தடவைகூட நெருப்பில் காட்டிப் பார்க்காததால் அடையாளம் தெரியாமல் தின்றுகொண்டிருந்தான்.

அசேலியா பூத்து முடிந்து, மழைக்காலம் வந்து, சுவரெல்லாம் பூசணம் பிடித்தது. ஒரு நாள் காலையில் தாமெகிச்சி எழுந்து பாயை உதறினான். "எறும்பு. ராத்திரி பூரா பாதத்துல ஊருது. பாயைக் கொண்டுபோய் நல்லா அடி" என்றான். ஓதாகி பாயைப் புரட்டிப் பார்த்தாள், ஒரு எறும்பு இல்லை. மரத்த காலுக்கு எறும்பு ஊருவது எப்படித் தெரியும் என்று யோசித்தவள், பாயை வாசலுக்குக் கொண்டுபோய்ச் சந்தோஷமாக அடி அடி என்று அடித்தாள்.

அடுப்படியிலிருந்து கேட்கும் உலக்கைச் சத்தமும் மாறியது. வசந்தத்தில் அது இழுத்து இழுத்து, நடுவில் நின்று நின்று விழுந்துகொண்டிருந்தது. இப்போது பழையபடி ஒரே சீராக விழ ஆரம்பித்தது. தூக்கம் வழிந்த முகத்தில் வம்பு பேசும் களை வந்தது. தாமெகிச்சிக்கு இதன் காரணம் நன்றாகத் தெரியும். "பார்த்தியா, ரெண்டு மடங்கு குத்தின அரிசியோட மகிமை" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். சொல்லிவிட்டு இன்னும் அதிகமாகக் குத்தினான். அவன் குத்தக் குத்த உரலடியில் ஓதாகிக்குத் தவிடு குவிந்தது. புருஷனும் பெண்டாட்டியும் அத்தனை ஒத்துமையாக எந்த வேலையும் செய்ததில்லை.

பொடியின் பெயரும் பரவியது. கின்பெய் ஒரு நாள் சாப்பிட்டுவிட்டுக் கேட்டு வாங்கிப் போனான். அவன் வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போயிற்று. ஓதாகி வறுத்து மாளவில்லை.

அங்கேதான் மாட்டிக்கொண்டாள். கொளுத்துகிற வெயிலில் ஒரு நாள் குளியல்கடைக் குமே கடைக்குள் நுழைந்தாள். தாமெகிச்சியின் தவிடு வழக்கமாக அவளுக்குத்தான் போகும். அதைச் சின்னத் துணிப்பைகளில் கட்டிவைத்தால் குளிக்க வரும் பெண்கள் முகம் தேய்க்க எடுத்துக்கொள்வார்கள்.

"தாமே அண்ணே, உங்க தவிட்டுக்கு என்ன ஆச்சு? முன்னெல்லாம் மூட்டை தோளை அழுத்தும். இப்ப காத்தாட வருது. பொண்ணுங்க மூஞ்சிக்கு நான் என்னத்தைக் குடுக்கிறது?"

"குறையாதே" என்றான் தாமெகிச்சி. "நான் முன்னைவிட அதிகமா இல்ல குத்துறேன். கூடத்தானே வரணும்." அவன் யோசித்தான். மெதுவாக ஓதாகி பக்கம் திரும்பினான். "ஏன்டி, நீ ஒரு நாளைக்கு எத்தனை தடவை மூஞ்சி கழுவுற?"

குமே கிட்டே வந்து ஓதாகியின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "அப்படி ஒண்ணும் மினுமினுப்பு தெரியலையே அண்ணே" என்றாள்.

அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து கடலை வறுத்த வாசனை மிதந்து வந்தது. தாமெகிச்சியின் மூக்கு நிமிர்ந்தது. எழுந்து உள்ளே போனான். வாணலி நிறையத் தவிடு பாதி சிவந்து கிடந்தது, பக்கத்தில் எள்ளு, உப்பு, மீன் சீவல். வாசலில் அவன் குத்திய தவிடு, வாணலியில் அதே தவிடு. அவன் வாணலியையும் மூடி போட்ட கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தான். காது சிவந்தது.

"குதிரைக்குப் போடுறதை எனக்குப் போட்டியா?"

"குதிரை செருப்பைத் தொலைச்சுட்டு வந்து நான் பார்த்ததில்லையே."

"நான் யாருன்னு நெனச்சே? அரிசிக்காரன்டி."

"அரிசிக்காரர்தான். கால் வலிக்க மிதிச்சு, நல்லதையெல்லாம் உதிர்த்து ஊரார் மூஞ்சிக்குக் குடுத்துட்டு, சக்கையை வெச்சுத் தின்னுறவர்."

குமே அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். இதைவிட்டுப் போவதற்கு அவளுக்கு மனசு வரவில்லை.

"ஊரு பூராவும் ரெண்டு மடங்கு அரிசின்னு சொல்லிட்டு வந்தேனே" என்று தாமெகிச்சி கத்தினான். "என் மானம் போச்சு. இனிமே இந்த வீட்டுல ஒரு வாய் தின்னேன்னா" என்று ஆரம்பித்து, அதை முடிக்காமலே வெறுங்காலோடு பின்கதவைத் தள்ளிக்கொண்டு சந்தில் இறங்கினான். அங்கே ஒரு கோடைகாலம் முழுக்க அவனுக்கென்று ஓதாகி ஆக்கிப்போட்ட மட்டியின் ஓடுகள் குவிந்து கிடந்தன.

"ஐயோ அம்மா" என்று ஒரு சத்தம்.

ஓதாகி பதறி ஓடினாள். பழைய சிவப்பு அடிச்சுவடுதான் அவள் கண்முன் வந்தது. தாமெகிச்சி ஒரு காலில் நொண்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி, மற்றக் காலைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றான்.

"வலிக்குதுடி" என்றான்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. ஓதாகியைப் பார்த்தான். ஏந்தியிருந்த காலை மெதுவாகக் கீழே இறக்கி, ஓட்டின்மேலேயே வைத்து அழுத்தினான். "ஆ" என்றான். அப்புறம் அடுத்த காலையும் வைத்து அழுத்தினான். "இதுவும் வலிக்குது." வலிக்க வலிக்க அவன் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. குவியலின்மேல் ஏறி நின்று மிதித்தான், உலக்கையை மிதிப்பதுபோல.

"அண்ணனுக்குப் புத்தி பிசகிடுச்சா?" என்றாள் குமே.

ஓதாகி அப்படியே படியில் உட்கார்ந்து, உடுப்பின் கைநுனியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். அவளுக்கு வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னால் வந்ததில்லை.

சந்தோஷம் வேறு, வீம்பு வேறு. தாமெகிச்சி உள்ளே வந்து காலைக் கழுவிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். ஓதாகி அவன் முன்னால் வெள்ளைச் சோறும் ஒற்றைப் பிளம் காயும் மட்டும் வைத்தாள், பழைய மாதிரி. அவன் காத்திருந்தான். அவள் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எங்கே?"

"எது?"

"அதுதான், பொடி."

"என்ன பொடி?"

"எள்ளுப் பொடி."

"எள்ளுப் பொடின்னு இந்த வீட்டுல எதுவும் இல்லைங்க."

சோறு ஆறிக்கொண்டிருந்தது. தாமெகிச்சி ஒரு பருக்கையைக் குச்சியால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நகர்த்தினான். "தவிடு" என்றான் சுவரிடம். ஓதாகி மூடியைத் திறந்து கிண்ணத்தை நகர்த்தினாள். தாராளமாகப் போட்டுக்கொண்டு, வாய் நிறையச் சோற்றோடு, "வெளியில யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்றான்.

"நான் ஏன் சொல்றேன்" என்றாள் ஓதாகி. அவள் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. குமே நடத்துவது குளியல்கடை, பேட்டையில் பாதிப் பேர் அங்கேதான் முதுகு தேய்க்கிறார்கள்.

பல்லக்குக்காரர்கள் கூடிய நாளில் தாமெகிச்சி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு பாலத்தில் ஏறினான். உச்சியில் ஒரு கணம் நின்றான். ஓதாகி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவன் நின்றது படகு பார்க்க, நிஜமாகவே படகு பார்க்க. படகுக்காரனிடம் இரண்டு வார்த்தை வம்பு பேசிவிட்டு மறுபக்கம் இறங்கினான். கீழே வந்தபோது வியர்த்துக் கொட்டியது, கெண்டைக்கால் நடுங்கியது. பழைய பலம் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை என்பது பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. கின்பெய் அவன் பாதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், அது ஒவ்வொரு படியையும் தடவித் தடவிச் சரியாகப் பதிந்திருந்தது. "முன்தண்டு உனக்கு. பாலத்துக்கு அப்புறம் டோஃபுக்காரன் மாத்திக்கட்டும்" என்றான். தாமெகிச்சி டோஃபுக்காரனைப் பார்த்துப் பெரிய மனசோடு தலையாட்டினான்.

திருவிழா அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. பல்லக்கு வரும் வழியெல்லாம் ஜனங்கள் வாளியோடு நின்று, தூக்குகிறவர்கள்மேல் வாய்க்கால் தண்ணீரை வாரி இறைத்தார்கள். "வாஷ்ஷோய், வாஷ்ஷோய்" என்று கூட்டம் ஒரே குரலில் அடியெடுத்து வந்தது. முன்தண்டில் தாமெகிச்சி, முகமெல்லாம் பல்லாக. ஓதாகி பாலத்தடியில் நின்று அவன் காலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. கல் நனைந்து வழுக்கியது.

குளியல்கடை வாசல் வந்தது. குமே ஒரு முழு வாளியை அவன் தலையில் கவிழ்த்து, "தவிடு எப்படி இருக்கு அண்ணே?" என்று கூவினாள். வரிசையாக நின்ற பெண்கள் சிரித்தார்கள். யாரோ ஒருத்தி தாளம் பிடித்து, "தவிடு, தவிடு" என்றாள். அது தெரு முழுக்கப் பற்றிக்கொண்டது. பல்லக்குக்கு அடியிலேயே நாலு பேர் சிரித்ததில் சாமி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

ஓதாகி பாலத்தடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவன் காது சிவப்பது அவளுக்கு இங்கிருந்தே தெரிந்தது. மானஸ்தன், தோளை உருவிக்கொண்டு போய்விடுவானோ, கோபத்தில் அடி தவறிவிடுமோ. தாமெகிச்சி தண்டை இறுக்கிப் பிடித்தான். தலையை ஆட்டித் தண்ணீரை உதறினான். அப்புறம் கூட்டத்தின் சத்தத்துக்கெல்லாம் மேலே ஒரு சத்தம் போட்டான்.

"தவிடு!"

"தவிடு!" என்றார்கள் பின்னால் அத்தனை பேரும். அதே அடியில், அதே தாளத்தில் சாமி பாலம் ஏறியது, அரிசிக்காரன் பாதம் நனைந்த கல்லில் ஒரு தடவைகூட வழுக்கவில்லை. மறுகரையில் டோஃபுக்காரன் தோள் மாற்ற வந்தபோது, வீட்டுக்கு வந்து பொடி வாங்கிக்கொள்ளும்படி தாமெகிச்சி அவனிடமும் சொன்னானாம்.

சாயங்காலம் வீட்டில் காலைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து புலம்ப ஆரம்பித்தான். "சுண்டுவிரல் எரியுதுடி. பக்கத்து விரல்ல கொப்புளம். கட்டைவிரல் வேற மாதிரி வலி, விண்ணு விண்ணுன்னு. குதிகாலைக் கேக்கவே கேக்காதே."

"நான் கேக்குறேன், சொல்லுங்க" என்றாள் ஓதாகி.

அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். சொல்லிக்கொண்டே கெட்டிலை எடுத்து, வழக்கத்தில் இல்லாத வழக்கமாக, அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தான். கொஞ்சம் சிந்தினான். கோடை முழுக்க அவள் தொடாத தேநீர். ஓதாகி கோப்பையைக் கையில் வாங்கி வாசனை பிடித்தாள். குடிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அவன் கெண்டைக்காலைப் பிடித்து, நகம் பதிய, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கிள்ளு கிள்ளினாள்.

தாமெகிச்சி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

"ஏன்டி கிள்ளினே?"

"சும்மாதான்" என்றாள் ஓதாகி. அப்புறம் தேநீரை எடுத்துக் குடித்தாள்.